நெல்லையில் மனநல கவுன்சிலர் ஆகணுமா?

எம்.எஸ்ஸி. சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ., ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ. பாளையங்கோட்டைப் பக்கம் இந்தச் சான்றிதழ்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆள் எடுக்கும் இடங்கள்தான் குறைவு: மாவட்ட மனநலத் திட்டம், பெண்களுக்கான சகி மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, எச்.ஐ.வி. நம்பிக்கை மையம், சில தொண்டு நிறுவனங்கள், ஒருசில பள்ளிகள். அதிலும் பெரும்பாலானவை 11 மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம். ஒரு போஸ்ட்டுக்கு ஒரு கட்டு விண்ணப்பம் வந்து விழும். அந்தக் கட்டில் மேலே வருகிறவர் நன்றாகப் பேசுகிறவர் அல்ல. எந்த ஊருக்குள்ளும் போய் உட்காரத் தெரிந்தவர், யாரை எங்கே அனுப்பணும் என்று தெரிந்தவர். இந்த இரண்டையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.

1. விசிட்டிங் கார்டில் பொய் வேண்டாம்

‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். எம்.எஸ்ஸி. மட்டும் போதாது. ‘கவுன்சிலர்’ என்றே போடுங்கள். பெரிய பட்டத்தைப் போட்டு மாட்டிக்கொண்டால் இந்தச் சின்ன வட்டாரத்தில் செய்தி இரண்டு நாளில் அம்பாசமுத்திரம் வரை போய்விடும்.

2. ஊருக்குள் நுழையும் முறை

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் போனால் வீட்டு வாசலில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலத்துக்குள் கணக்கு முடிக்கவேண்டும். “அக்கா, அரை மணி நேரம் ஒதுக்குங்க, கவுன்சிலிங் பண்ணணும்” என்று நின்றால் உங்களை யாரும் மதிக்கமாட்டார்கள். அவர் கை ஓடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு தானாக வரும்.

‘டிப்ரஷன்’, ‘ஆங்சைட்டி’ எல்லாம் ரிப்போர்ட்டுக்கு. இங்கே ஆச்சி சொல்வது “நெஞ்சு படபடங்கு”, “தூக்கமே இல்ல”, “பிள்ளைக்குப் பயந்த கோளாறு”. அதையே திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். ‘மனநல முகாம்’ என்று பேனர் கட்டாதீர்கள். “கோட்டி டாக்டர் வந்திருக்காரு” என்று ஒருவர் சொன்னால் போதும், முகாம் காலி. சுகர், பிரஷர் பார்க்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களிடம் அறிமுகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் மூன்று மாதமாக வெளியே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

3. “நீங்க எந்தத் தெரு?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்: சாதிக்கு. சிரித்துக்கொண்டே ஊரைச் சொல்லுங்கள், தெருவைச் சொல்லாதீர்கள். ஒரு தெருவின் ஆள் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த தெருவின் கதவு மூடிவிடும்.

இதே சாதி பள்ளிக்குள்ளும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடம் வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. இன்டர்வியூவுக்குப் போகுமுன் அந்த அறிக்கையைப் படித்துவிடுங்கள். போட்டிக்கு வரும் பலர் படித்திருக்கமாட்டார்கள்.

4. அதிர்ச்சியைக் கிளறாதீர்கள்

இந்த வேலையில் அதிகம் சொதப்பும் இடம் இதுதான். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு வானம் இருட்டினாலே சாமான்களைப் பரணில் ஏற்றுகிற வீடுகள் இருக்கும். அங்கே போய், “அன்னைக்கு ராத்திரி என்ன நடந்தது, எல்லாத்தையும் கொட்டிருங்க” என்று கேட்பது கவுன்சிலிங் அல்ல. அழவைத்தால்தான் ஆறும் என்பது சினிமா. ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் சொல்லவைக்கும் முறையால் பயன் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அந்த நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றே வேலை: பார், கேள், இணை. யாருக்கு அவசரம் என்று பாருங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் பாய், ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் பாடப்புத்தகம் என்றுதான் வரும். பிறகு கிராம நிர்வாக அலுவலரோடும் சொந்தக்காரர்களோடும் இணைத்துவிடுங்கள். ரேஷன் கார்டுக்கு அலைந்தவரைத்தான் அடுத்த முறை மனக்கஷ்டத்துக்கும் கூப்பிடுவார்கள்.

பெரும்பாலானவர்கள் நாள்பட நாள்படத் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்துக்கே போக மறுப்பது என்று நீடித்தால் அது உங்கள் கைக்கு மேலான கேஸ். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். சீட்டு எழுதிக் கொடுத்து ஒதுங்காதீர்கள், முதல் தடவை கூடவே போங்கள்.

5. கோடாங்கியோடு போட்டி வேண்டாம்

திருநீறு போடுகிறவர், பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறவர், உவரி அந்தோணியார் கோயில் என்று எல்லாம் முடிந்தபிறகுதான் உங்களிடம் வருவார்கள். எரிச்சல்படாதீர்கள். “சாமியும் கும்பிடுங்க, மாத்திரையும் போடுங்க” என்றால் போதும். கட்டிப்போட்டால் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியோடு இருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது.

6. இன்டர்வியூவில் கேட்கப்படும் கேள்வி

“ஒருத்தர் சாகப்போறேன்னு சொன்னா என்ன செய்வீங்க?” சுற்றி வளைக்காமல் பதில் சொல்லப் பழகுங்கள். “அப்படி ஒரு நினைப்பு இருக்கா?” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தனியாக விடக்கூடாது. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்தவேண்டும். காட்டுமன்னார்கோவில் பகுதியில் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, பூச்சிமருந்தை ஊர்ப் பொது லாக்கரில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது, தற்கொலைகள் குறைந்தன. நெல்லும் வாழையும் போடும் நம் ஊருக்கும் இது பொருந்தும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். போர்டில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சட்டம் இரண்டு வரி. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டம் கருதுகிறது. அவரைக் குற்றவாளிபோல நடத்தாதீர்கள். ரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு: குழந்தை மீது பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின்படி புகார் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை உங்களுக்கு.

7. நோட்டு

எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பதைவிட, அனுப்பியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் மருத்துவரிடம் போனார்கள் என்று எழுதிவையுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போனை எல்லாம் நீங்களே எடுத்தால் ஒரு வருஷம் தாங்கமாட்டீர்கள். 24 மணி நேரமும் தமிழில் பேச டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, எண் 14416. தமிழக அரசின் 104-உம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த இரண்டு எண்களையும் காலண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.