கலாநிதி சுப்பாராவும் மேற்கோள் கணக்கும்

கிளினிக்கிலிருந்து வந்த ராத்தாவின் கையில் ஒரு சிறிய மாத்திரைப் பொதி இருந்தது. போலிக் அமிலம், நாளுக்கு ஒன்று போட வேண்டுமாம். அது எதற்கு என்று உம்மா என்னிடம் கேட்டார். புதிய கலங்கள் உருவாகவும், வயிற்றிலுள்ள குழந்தையின் மூளையும் முண்ணாணும் ஒழுங்காக அமையவும் உதவும் விற்றமின் என்று படித்ததைச் சொன்னேன். "அதைக் கண்டுபிடிச்சது யார்?" என்றார். விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோது, ஒரு பெயரில் அடங்கும் விடை அதற்கு இல்லை என்று அறிந்துகொண்டேன்.

முதலில் ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் 1911இல் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தவர். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று, பம்பாய்க்கு வந்து கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். வறிய முஸ்லிம் பெண்களே அதனால் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அவர்களின் உணவே மிகவும் குறைபாடுடையதாகவும் இருந்தது. நாம் பாணில் பூசிச் சாப்பிடும் மாமைட் அந்நோயைக் குணமாக்குவதை அவர் கண்டு, 1931இல் வெளியிட்டார். மாமைட்டில் இருந்த அந்தப் பொருளை 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசளி வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய லெடர்லி நிறுவனக் குழுவை வழிநடத்தியவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவையே சித்தியடைந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்புரூ என்னும் நோயால் இறந்தார்கள். வயிற்றோட்டமும் இரத்தச்சோகையும் சேர்ந்து வரும் நோய் அது. பிற்காலத்தில் அந்நோய்க்கு மருந்தானது அதே போலிக் அமிலம்தான்.

பொஸ்டன் சென்றவர் மருத்துவமனையில் இரவு வேலை செய்து செலவைச் சமாளித்தார். பின் ஹாவார்டில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். உணவை உடல் சக்தியாகவும் தசையாகவும் மாற்றும் வேலைகள் அனைத்தையும் சேர்த்து அனுசேபம் என்கிறோம். அதில் பொசுபரசு எங்கும் வருகிறது. ஆனால் அதைச் சிறு அளவில் அளப்பது அன்று கடினம். 1925இல் இருவரும் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். மாதிரியுடன் மொலிப்டேற்றையும் தாழ்த்தும் கருவி ஒன்றையும் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பொசுபேற்று அவ்வளவு அதிகம்.

இந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டே 1927இல் தசையில் பொசுபோகிரியற்றீனையும் 1929இல் ஏ.ரீ.பி.யையும் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் ஜேர்மனியின் கார்ல் லோமானும் ஏ.ரீ.பி.யைத் தனியே கண்டறிந்தார். உயிரியல் பாடத்தில் சக்தியின் நாணயம் என்று நாம் மனனம் செய்வது இந்த மூலக்கூற்றைத்தான்.

இனி மேற்கோள் கணக்கு. ஓர் ஆய்வாளர் இன்னொருவரின் முறையையோ முடிவையோ பயன்படுத்தினால், தன் கட்டுரையில் அதைக் குறிப்பிடுவார். அதுவே மேற்கோள். 1925ஆம் ஆண்டுக் கட்டுரை பல்லாயிரம் மேற்கோள்களைப் பெற்றது. ஏ.ரீ.பி.யை அறிவித்த கட்டுரை அந்தளவுக்கு எண்ணப்படவில்லை. புரதத்தை அளக்கும் முறை பற்றி ஒலிவர் லவ்ரி 1951இல் எழுதிய கட்டுரை, 2014இல் 'நேச்சர்' இதழ் எண்ணியபோது மூன்று இலட்சம் மேற்கோள்களைத் தாண்டி முதலிடத்தில் இருந்தது. டி.என்.ஏ.யின் அமைப்பைச் சொன்ன புகழ்பெற்ற கட்டுரை அந்த முதல் நூறில் இடம்பெறவேயில்லை.

காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் அளக்கும் விதத்தை உம்மும்மா சொல்லித் தந்தார். முதல் சில பெருநாட்களில் "இது உம்மும்மாவின் அளவு" என்போம். பிறகு அது வீட்டு வழக்கமாகிவிடும். யாரும் பெயர் சொல்வதில்லை. ஏ.ரீ.பி. பாடநூலுக்குள் போய்விட்டது, அதை எழுதும் எவரும் சுப்பாராவை மேற்கோள் காட்டுவதில்லை. அளக்கும் முறையை மட்டும் ஒவ்வொரு முறையும் குறிப்பிட வேண்டியிருந்தது. ஆகவே இந்தக் கணக்கு ஒரு கட்டுரை எவ்வளவு பயன்படுகிறது என்பதைக் காட்டுகிறது. அதை எழுதியவரின் பெறுமதியை அது அளப்பதில்லை.

எண்ணப்படாமற் போனவையும் உண்டு. 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ், ஹாவார்டில் சுப்பாராவுடன் பணியாற்றியவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில சேர்வைகள் உரிய காலத்தில் வெளிவராததால் பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று அவர் பின்னர் கூறினார். ஹாவார்டில் நிரந்தரப் பதவி கிடைக்காத சுப்பாராவ் 1940இல் லெடர்லிக்குச் சென்றார். அவரது குழுவின் அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தார். அதே குழு 1947இல் அறிமுகப்படுத்திய டைஎதில்காபமசின், யானைக்கால் நோய்க்கு மருந்தானது. இலங்கையும் அந்த மருந்தை மக்களுக்கு வழங்கியது. 2016இல் நம் நாடு அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததை உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. தாய்நாடு திரும்பாமலே, 1948 ஓகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

தோழியரே, பெற்றோரே, இதை நான் எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சென்ற உயர்தரப் பரீட்சையில் என் இஸட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதவில்லை. பெறுபேறு வந்த அன்று வாப்பா சாப்பிடவில்லை. நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அந்தப் புள்ளி பொய் சொல்லவில்லை. அந்தப் பரீட்சையில், அந்த நாட்களில், நான் எழுதியதை அது அளந்தது. அதற்கு மேல் அளக்க அதனால் முடியாது. இரண்டாம் தடவை தோற்ற இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

உம்மாவின் கேள்விக்கு இப்போது மூன்று நிமிடத்தில் விடை சொல்வேன். லூசி வில்ஸின் பெயரில் தொடங்குவேன். ராத்தா மாத்திரையைத் தவறாமல் போடுகிறா.