காமிக்ஸ் ஆசையும் கையிருப்பும்

கேள்வி: எனக்கு வயது 43. பள்ளி நாட்களிலிருந்து லயன், முத்து காமிக்ஸ் வாசகன். பனியன் கம்பெனியில் வேலை. ஆர்டர் குறைந்ததால் ஓவர்டைம் நின்றுவிட்டது. வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் குறையவில்லை. இந்த நிலையில் ஆண்டுச் சந்தா கட்டலாமா? விட்டுப்போன பழைய இதழ்களுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். பழைய இரும்புக்கை மாயாவி ஒன்றுக்காகக் கைமாற்று வாங்கக்கூட நினைத்தேன். பேசாமல் இந்தப் பித்தை அடியோடு விட்டுவிடுவதுதான் நல்லதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: விட வேண்டாம். கைமாற்றும் வாங்க வேண்டாம். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவருக்கு இரவில் அரை மணி நேரம் டெக்ஸ் வில்லரோடு குதிரையேறிப் போவது வீண் செலவில்லை.

உங்களிடம் இருப்பவை இரண்டு ஆசைகள். ஒன்று கதை படிப்பது, மற்றொன்று அரிய பிரதியைச் சேர்த்து வைப்பது. பணத்தைத் தின்பது இரண்டாவதுதான். நீங்கள் கேட்ட மாயாவியே இதற்கு உதாரணம். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர், 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’ என்று வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்த சாகசத்தை மறுபதிப்பிலேயே படித்துவிடலாம். முதல் பதிப்புக்குக் கேட்கும் பெரிய விலை, கிடைப்பதற்கு அரிய அந்தப் பழைய தாளுக்கானது. சம்பளம் சீராகும்வரை படிப்பதைத் தொடருங்கள், சேகரிப்பதை நிறுத்தி வையுங்கள்.

சந்தாவை இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து கட்டலாம். இதழை முறைவைத்துப் படித்துவிட்டு, ஆண்டு முடிவில் அவரவருக்குப் பிடித்த நாயகனின் இதழ்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால், பிடித்த இதழை மட்டும் புத்தகக் கண்காட்சியில் வாங்குங்கள். அங்கே வழக்கமாக பத்து சதவிகிதம் தள்ளுபடி உண்டு.

ராணி காமிக்ஸின் கதை வேறு. 1984-இல் தொடங்கிய அந்த இதழ் 2005-இல் நின்றுவிட்டது. அதில் வந்த வேறொரு மாயாவியான முகமூடி வீரர் மாயாவியை அந்த வடிவத்திலேயே பார்க்க வேண்டுமானால் பழைய புத்தகக் கடைதான் வழி. அங்கே அட்டையைப் பார்த்து மயங்காமல் முதலில் நடுப்பக்கத்தைப் பிரியுங்கள். பின் துருப்பிடித்து, நடுத்தாள் கழன்று விழுந்திருக்கும். ஒரு தாள் போனால் கதையில் நான்கு பக்கம் போயிற்று. பக்க எண்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று உறுதி செய்தபிறகே விலை பேசுங்கள். படிக்க மட்டும் வாங்குபவருக்கு அட்டை கிழிந்த பிரதியே போதும். அதன் விலையும் குறைவு.

வீட்டில் ஒரே இதழ் இரண்டு இருந்தால் அதுவும் கைமுதல்தான். இருப்பதை ஒரு பட்டியல், தேடுவதை ஒரு பட்டியல் எழுதி நண்பர்களிடம் கொடுங்கள். காசு கைமாறாமலே சில இதழ்கள் வந்துசேரும். பட்டியல் இல்லாததால்தான் பலர் இருக்கும் இதழையே மறுபடி வாங்குகிறார்கள்.

இருப்பதைக் காப்பதும் சிக்கனம்தான். புத்தகங்களை ஈரச் சுவரையொட்டி வைக்காதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், நாளடைவில் அது மஞ்சள் கறையாகித் தாளை அரிக்கும். துருப்பிடித்த பின்னை மெல்ல எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். ஓலைச்சுவடிகளைப் பூச்சியிலிருந்து காத்த வசம்பைச் சிறு துணியில் முடிந்து அலமாரியில் போடுங்கள்.

யாராவது புது இதழை ஸ்கேன் செய்து இலவசமாக அனுப்பினால் தயவுசெய்து வாங்காதீர்கள். தமிழ் காமிக்ஸ் சிறிய சந்தை. விற்கும் ஒவ்வொரு பிரதியும் அடுத்த இதழுக்கான மூலதனம். அதைவிட நண்பரிடம் இரவல் வாங்கிப் படிப்பது மேல். அந்தப் பிரதிக்கு ஒருவர் காசு கொடுத்திருக்கிறார்.

புதிதாக வாங்காத மாதங்களிலும் உங்கள் அலமாரி இருக்கிறது. ‘ரத்தப் படலம்’ போன்ற நீண்ட கதையை முதல் பாகத்திலிருந்து தொடர்ந்து படியுங்கள். முன்பு மாதக்கணக்கில் காத்திருந்து படித்தபோது தவறவிட்ட முடிச்சுகள் இப்போது பிடிபடும். மகளுக்கு லக்கி லூக்கை வாசித்துக் காட்டுங்கள். தன் நிழலைவிட வேகமாகச் சுடும் ஆளைப் பிடிக்காத குழந்தை அபூர்வம்!

இந்த வாரமே மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாடகை, கட்டணம், மளிகை போக இதற்கென்று ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நூறு ரூபாயாக இருந்தாலும் சரி, அது ஒளித்துச் செய்யும் செலவாக இருக்காது. வாங்காத மாதத்தின் தொகை அடுத்த மாதத்துக்குச் சேரட்டும். நல்ல வாசகர் என்பதற்கு அலமாரி நிறைந்திருக்க வேண்டும் என்று யாரும் விதி வைக்கவில்லை.