மிளகாய் உலர்த்தும் குழல்களில் காற்றைச் சரியாய் அளக்கும் முறை

முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கங்களில் வடகிழக்குப் பருவ மழையை நம்பிப் பயிராகும் ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் நிலைக்க வேண்டுமாயின் வற்றல் பதமாய் உலர்ந்திருத்தல் அவசியம். களத்திலுள்ள பழத்தின்மேல் கோடை மழை பெய்தாலும், கடற்காற்றின் ஈரம் இரவில் படிந்தாலும் பூசணம் பற்றும். அஃப்ளாடாக்ஸின் என்னும் விஷமும் உண்டாகக்கூடும். இவ்விடரைத் தவிர்க்க, சூடான காற்றை விசிறியால் குழல் வழியே செலுத்தும் உலர்த்து கூடம் மிகவும் உதவும்.

ஆயினும் கூடத்தின் பலன் காற்றின் அளவைப் பொறுத்தது. விசிறியின்மேல் குறித்துள்ள அளவை அப்படியே நம்பலாகாது. குழலின் நீளமும், வளைவுகளும், மிளகாய்ப் பரப்பின் கனமும் எதிர்ப்பதால் உண்மையில் வரும் காற்று குறைந்துவிடும்.

1. இடம்: வளைவுக்கும் விசிறிக்கும் அருகில் காற்று சுழலும். ஆகையால் குழலின் அகலத்தைப் போல் எட்டு மடங்கு தூரம் நேராய் வந்த பின்னரும், அடுத்த வளைவுக்கு இரண்டு மடங்கு முன்னரும் அளக்க வேண்டும். 40 செ.மீ. சதுரக் குழலாயின் இவை முறையே 3.2 மீட்டரும் 80 செ.மீ.யும் ஆகும்.

2. அளவை: அனிமாமீட்டர் என்னும் காற்றுவேகமானியே கருவி. மேற்படி குழலின் வாயை 10 செ.மீ. சதுரங்களாய்ப் பதினாறு பாகமாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் கருவியைக் காற்றுக்கு நேர்முகமாய்ப் பிடித்துக் குறித்துக்கொள்க. சுவரை ஒட்டிய காற்று உராய்வினால் மெதுவாயும், நடுக்காற்று விரைவாயும் செல்லும்.

3. கணக்கு: நான்கு மூலைகளில் விநாடிக்கு 3 மீட்டரும், ஓரத்து எட்டுச் சதுரங்களில் 4 மீட்டரும், நடு நான்கில் 5 மீட்டரும் காட்டுவதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 64, சராசரி 4 மீட்டர். குழலின் பரப்பு 0.16 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 0.64 கன மீட்டர். மணிக்கு 2,304 கன மீட்டர். நடுவில் மட்டும் அளந்தவர் 2,880 என்று எண்ணியிருப்பார்.

இப்பிழையின் நஷ்டம் யாதெனில்: நூற்றுக்கு 75 பங்கு ஈரமுள்ள 100 கிலோ பழத்தைப் பத்துப் பங்கு ஈரத்திற்குக் கொண்டுவர ஏறக்குறைய 72 கிலோ நீர் வெளியேற வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று சராசரி 2 கிராம் நீரைக் கொண்டுசெல்வதாய் வைத்துக்கொண்டால் 36,000 கன மீட்டர் வேண்டும். தவறாய் அளந்தவர் பன்னிரண்டரை மணியில் விசிறியை நிறுத்துவார். உண்மையில் வேண்டியதோ பதினைந்தரை மணிக்கு மேல். மீந்த 14 கிலோ நீர் சாக்கினுள்ளேயே பூசணத்தை வளர்க்கும்.

4. எச்சரிக்கை: ராமேசுவரம், மண்டபம் முதலிய கரையோரங்களில் கடற்காற்று வீசும்போது திறந்த வாயில் அளக்கலாகாது. உப்புக் காற்றால் கருவியின் அச்சு துருப்பிடித்துக் குறைவாய்க் காட்டும். ஆதலால் துடைத்துப் பெட்டியில் வைக்க. விசிறிப் பக்கத்திலும் மிளகாய்ப் பக்கத்திலும் தனித்தனியே அளந்தால், இரண்டிற்குமுள்ள வித்தியாசம் குழலின் கசிவைக் காட்டும்.

கிராம அதிகாரிகள் ஊருக்குப் பொதுவாய் ஒரு கருவியை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தல் நலம். விவசாயிகள் கணக்கோடு நில்லாமல் தராசையும் கைக்கொள்க: 100 கிலோ பழம் 28 கிலோ அளவில் நின்றாலன்றிச் சாக்கில் கட்டலாகாது.