இரண்டாம் கம்பி

தேர்வுக்கு முந்திய இரவில், ஹவுராவில் எங்கள் விடுதியின் வலையமைப்பை நானே முடக்கினேன். ஊரிலிருந்து பேசிய அம்மாவின் குரலும் நின்றது. ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவுமென்று இரு சுவிட்சுகளிடையே இரண்டாம் கம்பியைச் செருகியதே பிழை. ஈதர்நெட் செய்திக்கு ஆயுள்வரம்பு இல்லை. எல்லோர்க்குமாக விடுத்த செய்தி வளையத்துள் ஓயாது சுழன்று பெருகி வழியை அடைக்கும்.

இதற்கு 1985இல் ரேடியா பெர்ல்மன் அம்மையார் கண்ட மருந்தே 'ஸ்பேனிங் ட்ரீ'. சுவிட்சுகள் தம்முள் மிகக் குறைந்த அடையாள எண்ணுடையதை வேராகத் தேர்ந்து, மிகையான வழியை மூடிவைக்கும். திறந்தது அறுந்தால் மூடியது திறக்கும். வேர் வீழினும் வேறொன்று வேராகும். சிப்பூர்ப் பேராலமரம் 1925இல் நடு அடிமரத்தை இழந்தும் விழுதுகளால் வாழவில்லையா?

நண்பர்களே, இம்முறையை இயக்கிய பின்னரே இரண்டாம் கம்பியை இடுங்கள். நடுச் சுவிட்சின் முன்னுரிமை எண்ணை 32768இலிருந்து 4096 ஆக்குங்கள். இல்லையேல் மூலையிலுள்ள பழம்பெட்டியும் வேராகிவிடலாம்.