கணக்கு நோட்டு சொல்லாத கதை



நம்ம குழுவால் என்ன மாறியது என்று யாராவது கேட்டால், உடனே கணக்கு நோட்டைத்தான் எடுத்து வைக்கிறோம். சேமிப்பு இவ்வளவு, உள்கடன் இவ்வளவு, வசூல் நூற்றுக்கு நூறு. வங்கிக்கு அது போதும். நமக்குப் போதுமா?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு தவணைகூடத் தவறாத ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தோம். "கடன்ல வாங்கின மாடு செத்துப்போச்சும்மா. கம்மலை அடகு வெச்சுத்தான் கட்டுறேன். குழுவுல சொன்னா மானம் போயிடும்" என்றார். நோட்டில் அவர் கணக்கு சுத்தம்!

இப்படி, என்ன மாறியது, ஏன் மாறியது என்பதை அவரவர் வாயாலேயே கேட்டு அறிவதைப் பண்புசார் ஆய்வு என்கிறார்கள். பெயர்தான் பெரிசு. திருச்சியில் ஏ.எஸ்.ஏ. என்ற தொண்டு நிறுவனம், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் செய்யும்படி, ஹெல்சி நொப்போனென் என்ற ஆய்வாளர் வகுத்த பட நாட்குறிப்பு முறையை 2000-ஆம் ஆண்டையொட்டிக் கையாண்டது. படத்தைப் பார்த்துத் தன் நிலையைத் தானே குறிப்பார்; சில காலம் கழித்து மறுபடி குறித்து ஒப்பிடுவார். நோட்டு அந்தப் பெண்ணிடமே இருக்கும். இதுதான் நமக்குப் பிடித்தது.

படம் இல்லாமலும் செய்யலாம். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "கடனால நன்மை உண்டா?" என்றால் "உண்டு" என்றுதான் பதில் வரும். "பணம் முதல்ல எதுக்குப் போச்சு? யார் கையில இருந்துச்சு? தவணைக்குக் காசு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பேச்சே வேறு. நம் ஊக்குநரே கேட்டால், அடுத்த கடன் கிடைக்காதோ என்ற பயம் வரும். அதனால் பக்கத்து ஊர்க் குழுவினர் வந்து கேட்கட்டும். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், பெயர் வேண்டாம். ஊர்ப் பொது விஷயத்தைக் கூட்டமாக உட்கார்ந்து பேசலாம். வீட்டில் அடி உதை இருப்பதை யாரும் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள்.

ஒருத்தர் கதையை வைத்து எல்லோருக்கும் முடிவு கட்டவும் கூடாது. நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால், எத்தனை பேருக்கு அப்படி என்று பிறகு எண்ணிப் பார்க்கலாம். குழுவை விட்டு விலகியவர்களையும் மறக்காமல் கேளுங்கள். நாம் அவர்களிடம் போவதே இல்லை.

அந்த அக்காவின் ஊரில், பெயர் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தோம். இன்னும் இரண்டு பேர் தங்கள் அடகுச் சீட்டைப் பற்றிப் பேசினார்கள். மாட்டுக் கடன் என்றால் காப்பீடும் சேர்த்தே எடுப்பது, மாடு இறந்தால் மூன்று மாதம் தவணை கேட்பதில்லை என்று அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினார்கள்.