சென்னை வண்டி, விலை குறைவு: வாங்கலாமா?

கேள்வி: 2019 மாடல் ஸ்விஃப்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சென்னைப் பதிவு, ஒரே ஓனர், 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். எங்கள் ஊரில் சொல்லும் விலையைவிட ஒரு லட்சம் குறைவு. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. சென்னை வண்டி இவ்வளவு மலிவாக வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் வெள்ளம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அங்கே எத்தனையோ கார்கள் மூழ்கின. அதே மாதம் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம் வந்தது. அந்த ஊர் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

மூழ்கிய காரைக் கழுவி, சீட் கவர் மாற்றிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒயரிங் இணைப்புகளுக்குள் அரிப்பு மட்டும் மெதுவாகப் பரவிக்கொண்டிருக்கும். விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமலே போகலாம். குடும்பத்தோடு ஏறப்போகிற வண்டி என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பகலில் போய்ப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்; உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கறை அங்கே காட்டிக்கொடுத்துவிடும். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியைப் பாருங்கள். முன் சீட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா, தரைவிரிப்புக்குக் கீழே வண்டல் இருக்கிறதா என்று கைவிட்டே பார்த்துவிடுங்கள். ஏறியதும் வாசனை திரவியம் மூக்கைத் துளைத்தால், எதை மறைக்க என்று யோசியுங்கள்.

பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்குங்கள். 2023 வெள்ளத்துக்குப் பிறகு புதுப்பித்த பாலிசியில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், கிளெய்ம் வாங்கினார்களா, எதற்கு வாங்கினார்கள் என்று கேளுங்கள். 40,000 கிலோமீட்டர் கணக்கை மீட்டரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். சர்வீஸ் பதிவுகளில் ஒவ்வொரு முறையும் எழுதிய கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். இன்ஜின் சூடாகாமல் இருக்கும்போதே அவர் ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்திட வேண்டும். கார் உங்கள் பெயருக்கு மாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

இவற்றில் எதைக் காட்ட அவர் தயங்கினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். 2019 ஸ்விஃப்ட் கிடைக்காத வண்டியல்ல. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ வேறொன்று நிச்சயம் அமையும்.