செசாரின் வெள்ளிக்காசு

செசாருக்கு வரி கொடுப்பது முறையா என்று பரிசேயரும் ஏரோதியரும் ஆண்டவரிடம் கேட்ட நிகழ்ச்சியைப் பூசையில் பலமுறை கேட்டிருப்பீர்கள் (மாற்கு 12:13-17). பதில் சொல்லுமுன் அவர் ஒரு காசைக் கொண்டுவரச் சொன்னார். அக்காசில் என்ன இருந்தது என்று அறிந்தால்தான் அந்தக் கேள்வியின் கூர்மை விளங்கும்.

மாற்கு அதைத் தெனாரியம் என்கிறார். நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த உரோமை வெள்ளிக்காசு அது. திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு தொழிலாளியின் நாட்கூலியும் அதுவே. அப்போது ஆண்டவன் திபேரியு செசார் (கி.பி. 14-37). அவனுடைய காசாகவே அது இருந்திருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. மிளகு வாணிபத்தால் அவன் காசுகள் தமிழகம்வரை வந்துள்ளன. கோயம்புத்தூர்ப் பகுதியில் புதையல்களாகக் கிடைத்திருக்கின்றன.

ஒரு பக்கத்தில் இலைமுடி சூடிய திபேரியுவின் தலை. சுற்றிலும், சுருக்கெழுத்து இலத்தீனில், 'தெய்வீக அகுஸ்துவின் மகன்' என்ற வாசகம். அகுஸ்து கி.பி. 14இல் இறந்ததும் உரோமை மேலவை அவனைத் தேவர்களுள் ஒருவனாக அறிவித்திருந்தது. மறுபக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். அமைதித் தேவதை என்பார் சிலர். திபேரியுவின் தாய் லீவியா என்பார் வேறு சிலர். அவளருகே 'பொந்திபெக்ஸ் மாக்சிமுஸ்', அதாவது தலைமைக் குரு, என்ற பட்டம். பிற்காலத்தில் பாப்பரசருக்கு வழங்கிய இப்பட்டம் அன்று உரோமைத் தேவர்களின் வழிபாட்டுத் தலைவனுக்கு உரியது.

ஆகவே முதற் கட்டளையை அறிந்த யூதனுக்கு அது வெறும் பணமல்ல. கி.பி. 6இல் யூதேயா உரோமையின் நேரடி ஆட்சிக்குள் வந்து குடிமதிப்பு எடுக்கப்பட்டபோது, கலிலேயனான யூதாஸ் கிளர்ச்சி செய்தான். வரி கொடுக்கலாம் என்றால் மக்களின் வெறுப்பு. வேண்டாம் என்றால் ஆளுநனிடம் முறைப்பாடு. நல்ல பொறிதான்!

ஆனால், உருவம் பொறித்த காசு யூதரிடையே புழங்காமலில்லை. எருசலேம் ஆலய வரியே தீர் நகரத்து வெள்ளியில்தான் செலுத்தப்பட்டது. அதில் மெல்கார்ட் என்ற தெய்வத்தின் தலையும் கழுகும் இருந்தன. வெள்ளி சுத்தமானது என்பதால் ஏற்றுக்கொண்டார்கள். இப்போதும் செசாரின் காசைக் கொண்டுவந்து நீட்டியவர்கள் கேள்வி கேட்டவர்களே. ஆண்டவர் தம்மிடமிருந்து அதை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது யாருடைய உருவம் என்ற வினாவில் மாற்கு எழுதும் கிரேக்கச் சொல் 'எய்க்கோன்'. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்னும் ஆதியாகமம் 1:27இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே சொல்தான் நிற்கிறது. அந்தக் கிரேக்க வேதாகமத்தில் ஊறிய ஆதித் திருச்சபையார், கடவுளுக்குரியதைக் கடவுளுக்குக் கொடுக்கச் சொல்லும் பதிலின் இரண்டாம் பாதியை வாசித்தபோது, காசை விட்டுத் தங்களையே நினைத்திருப்பார்கள்.